கூடையைக் கேட்டாச்சா?

ரொம்பக் காலத்துக்கு முன்னால, இதே புன்னைக்குப்பத்துல நாகாயின்னு ஒருத்தி இருந்தாளாம். எந்த வருசம்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது. தரங்கம்பாடியில டேனிஷ்காரன் கொடி, காரைக்கால்ல பிரெஞ்சுக்காரன் கொடி, நாகப்பட்டினத்துல ஒல்லாந்துக்காரன் கொடின்னு கரைக்குக் கரை ஒரு கொடி பறந்த காலம். கொடி எவனோடதா இருந்தா என்ன, மீன் நாத்தம் நம்மளோடதுதானே!

ஏ, பின்னால யாரு அது பேசுறது? வரி பேசுறதுக்கு முன்னால கதை பேசணும். அதுதான் இந்த ஊரு முறை. தலைவரே, அந்த மைக்க அந்தப் பக்கம் வைங்க. தெருத் தெருவா மீன் கூவி வித்த தொண்டை இது, இதுக்கு மைக்கு வேணாம்.

நாகாயி எப்படிப்பட்டவ? கருங்காலிக் கட்டை மாதிரி உடம்பாம். வாய்னா வாய், அப்படி ஒரு வாயாம். வலைக்குப் போன புருசன் திரும்பி வரல. ரெண்டு பொட்டப்புள்ளைங்கள வச்சிக்கிட்டு ஒத்தையா நின்னா. நின்னாளே தவிர சாஞ்சிடல. விடியக்காலம் கரையில மீன் எடுப்பா, கூடையில அடுக்குவா, தலையில தூக்குவா, வயக்காட்டு வரப்போட உள்பக்கத்து ஊருங்களுக்கு நடப்பா. மீனக் குடுப்பா, நெல்லு வாங்குவா. அவ மட்டும் இல்ல, இந்த ஊரு பொம்பளைங்க அத்தன பேரும் அப்படித்தான். ஆம்பள கடல்லேருந்து மீன் கொண்டாந்தான். பொம்பள வயக்காட்டுலேருந்து சோறு கொண்டாந்தா. ரெண்டும் சேந்தாத்தான் வயிறு.

ஆனா ஊர்க்கூட்டத்துல? கல்யாணம் கட்டின ஆம்பள ஒவ்வொருத்தனும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்குத்தான் கூட்டத்துல எடம், தலைக்கட்டுக்குத்தான் ஊர்ப் பங்கு. நாகாயி வீட்டுல ஆம்பள இல்ல. அதனால கூட்டத்துல எடமும் இல்ல, பங்கும் இல்ல. எல்லையம்மன் கோயில் முன்னால கூட்டம் நடந்தா, இவ தூரத்துல தாழம்புதர் ஓரமா நின்னு பாத்துட்டுப் போவணும்.

அப்ப ஊருக்குத் தலைவரா இருந்த நாட்டார் யாருன்னா, திருமேனி நாட்டார். அவரு சொன்னா அலையும் நிக்கும்னு சொல்லுவாங்க. நான் நம்பல, ஆனா சொல்லுவாங்க. அவரு யாரு தெரியுமா? நாகாயி புருசனோட கூடப்பொறந்த அண்ணன்! அவளுக்கு மூத்தார். மூத்தார் எதிர்ல தம்பி பொண்டாட்டி நேருக்கு நேரா நின்னு பேசக் கூடாது, அது அந்தக் காலத்துக் கட்டு. பேசக் கூடாதுன்னா நாகாயி சும்மா இருப்பாளா? கூடைக்கிட்ட பேசுவா.

"ஏ கூடை, எங்க மூத்தார் வீட்டு ஆடு எங்க வாசல்ல காயப்போட்ட நெல்லத் தின்னுட்டுன்னு சொல்லு."

அவரும் கூடையப் பாத்துத்தான் பதில் சொல்லுவாராம். "ஏ கூடை, ஆட்டுக்கு வேலி தெரியாதுன்னு சொல்லு."

"ஆட்டுக்காரருக்காவது தெரியுமான்னு கேளு, கூடை."

இப்படியே பேச்சு நடக்கும். நடுவுல அந்தக் கூடை பாட்டுக்கு உக்காந்திருக்கும். ஊரே சிரிக்குமாம்.

இப்படி இருக்கச்சே ஒரு சண்டை வந்திச்சு. ஆத்துமேட்டுக் குப்பத்துக்காரனுங்க நம்ம வலை போடுற எடத்துல வந்து வலையப் போட்டுட்டானுங்க. விடுவானுங்களா நம்மாளுங்க? கடல்லயே அடிச்சிக்கிட்டானுங்க. துடுப்பால அடி, தடியால அடி. மண்டை ஒடஞ்சிச்சு, கை ஒடஞ்சிச்சு, கட்டுமரம் ஒடஞ்சிச்சு. ஜெயிச்சது நாமதான், அதுல சந்தேகம் இல்ல. ஆனா ஜெயிச்சு வந்து பாத்தா ஊர்ப் பொட்டி காலி!

நாட்டார் கூட்டம் போட்டாரு. ஆம்பளைங்க பேசினாங்க, ஆம்பளைங்க தலையாட்டினாங்க. மறுநாள் சாம்புவன், அதான் ஊருக்குச் சேதி சொல்ற ஆளு, தப்பு மேளம் தட்டிக்கிட்டு வந்தான்.

"இதனால சகலமான பேருக்கும் சொல்றது என்னன்னா, சண்டைச் செலவுக்குக் கூடை வரி! மீன் விக்கப் போற பொம்பளைங்க கூடைக்குக் கால் கூடை மீன் ஊருக்குக் குடுக்கணும்! புன்னைமரத்தடியில குடுத்துட்டுத்தான் தாண்டிப் போவணும்!"

கால் கூடை! பொம்பளைங்க வயிறு எரிஞ்சு போயிட்டாங்க. ஊருணியில தண்ணி மொள்ளும்போது பேச்சு, அடுப்பு ஊதும்போது பேச்சு. நாகாயி கூடையத் தூக்கிக்கிட்டு நேரா நாட்டார் வாசலுக்கே போனாளாம்.

"ஏ கூடை, கால் கூடை போயிட்டா மிச்சத்துல எத்தினி வயித்த ரொப்புறதுன்னு கேளு."

நாட்டார் சொன்னாரு: "ஏ கூடை, சண்டை யாருக்காகப் போட்டோம்? உங்க எல்லாருக்காகவும்தான். செலவ நீங்களும் தாங்கணும்."

"கூட்டத்துல எங்கள ஒரு வார்த்தை கேட்டாங்களான்னு கேளு, கூடை."

அதுக்கு நாட்டார் சிரிச்சாரு. "பொம்பளைங்க தனியா எதுக்குப் பேசணும்? அவங்களுக்கும் சேத்துத்தானே நாங்க கூட்டத்துல உக்காந்திருக்கோம்னு சொல்லு, கூடை."

இந்த வார்த்தைய மனசுல வச்சிக்குங்க. திரும்பவும் வரும் இது.

மனுசன் கெட்டவரு இல்ல. முணுமுணுப்பு அதிகமாவுதுன்னு தெரிஞ்சதும் எறங்கி வந்தாரு. கால் கூடை வேணாம், கூடைக்கு ஒரு கை மீன் போதும்னாரு. ஒரே ஒரு கை! பொம்பளைங்க முகமெல்லாம் மலந்துபோச்சு. நாகாயியும், "சரி போவுது, ஒரு கை தானே, பூனை தின்னதா நெனச்சிக்கிட்டாப் போச்சு"ன்னு சொல்லிட்டாளாம். அவளே சொன்னா! அதனாலதான் பின்னால அவளுக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திச்சு.

இந்த நேரத்துல பாருங்க, அவ தம்பி வந்து சேந்தான். மாசிலாமணின்னு பேரு. மீசை அரும்புற வயசுல தரங்கம்பாடியில கப்பலேறினவன், தாடியோட வந்து எறங்கினான். செத்துட்டான்னு நெனச்சு நாகாயி அவனுக்குத் திதியே குடுத்துட்டா. வாசல்ல வந்து நின்னு, "அக்கா"ன்னான். இவ கையில இருந்த சட்டியப் போட்டு ஒடச்சிட்டு, "அடப்பாவி, ஒனக்கு எள்ளும் தண்ணியும் எறச்சிட்டேனேடா"ன்னு கட்டிப் புடிச்சிக்கிட்டு அழுதாளாம், சிரிச்சாளாம், ரெண்டையும் சேத்தே செஞ்சாளாம்.

அன்னைக்குச் சாயங்காலம் ஊரே கரையில கூடிடுச்சு. கப்பல்காரன் கதை கேக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? நாட்டார் முன்னால உக்காந்தாரு. ஆம்பளைங்க சுத்தி உக்காந்தாங்க. பொம்பளைங்க ஒரு கட்டுமரத்துக்குப் பின்னால. நாகாயி அங்கதான் இருந்தா, காதைத் தீட்டிக்கிட்டு.

மாசிலாமணி சொன்னான்: "நான் இங்கேருந்து இங்கிலீஷ்காரன் சீமைக்குப் போனேன். சீமையிலேருந்து இன்னொரு கப்பல்ல மேற்கால, கண்ணுக்கெட்டாத கடல் தாண்டி அமெரிக்கான்னு ஒரு தேசம் போனேன். அங்க பாஸ்டன்னு ஒரு துறைமுகம். அங்க குடியிருக்குறவனும் வெள்ளக்காரன், அவன ஆளுற ராசாவும் வெள்ளக்காரன். ராசா சீமையில இருக்கான். சனங்க அமெரிக்காவுல இருக்காங்க. நடுவுல அம்மாம் பெரிய கடல்."

"ஒரே சாதிக்காரன்தானே, அப்பறம் என்ன?"ன்னாரு நாட்டார்.

"அதாங்க வேடிக்கை! இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் இங்க அடிச்சிக்கிட்டாப்ல அங்கயும் அடிச்சிக்கிட்டானுங்க. இங்கிலீஷ்காரன் ஜெயிச்சான். ஜெயிச்சுப் பாத்தா கஜானா காலி!"

கரையில ஒரு சிரிப்புச் சத்தம் கெளம்பி, நாட்டார் திரும்பிப் பாத்ததும் அடங்கிடுச்சாம்.

"ராசாவோட சபைக்காரங்க என்ன சொன்னாங்க? 'உங்களுக்காகத்தான் சண்டை போட்டோம், நீங்க வரி குடுங்க'ன்னாங்க. எழுதுற காகிதத்துக்கெல்லாம் முத்திரை வரி. பத்திரம் எழுதினா வரி, சீட்டுக்கட்டு வாங்கினா வரி! சனங்க கொதிச்சிட்டாங்க. 'உங்க சபையில எங்க ஆளு ஒருத்தன் கூட இல்ல. எங்களக் கேக்காம எப்படி வரி வைப்பீங்க?'ன்னாங்க. அதுக்கு அந்தச் சபைக்காரங்க என்ன பதில் சொன்னாங்க தெரியுமா? 'உங்களுக்கும் சேத்துத்தானே நாங்க உக்காந்திருக்கோம்'னாங்க!"

கட்டுமரத்துக்குப் பின்னால நாகாயிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சாம். அவளுக்கு அந்த வார்த்தை எங்கயோ கேட்ட வார்த்தை இல்ல, போன வாரந்தான் நாட்டார் வாசல்ல கேட்ட வார்த்தை! பக்கத்துல இருந்தவ தொடையக் கிள்ளினாளாம். அவளும் திருப்பிக் கிள்ளினாளாம்.

"அப்பறம்?"

"'உங்க சரக்கே வாங்க மாட்டோம் போ'ன்னுட்டாங்க. சீமை வியாபாரி கத்தினான், சபை அந்த வரிய எடுத்துடுச்சு. ஆனா விட்டானுங்களா? கண்ணாடிக்கு வரி, சாயத்துக்கு வரி, தேயிலைக்கு வரின்னு திரும்ப வந்தானுங்க. ஊருக்குள்ள துப்பாக்கிச் சிப்பாயக் கொண்டாந்து எறக்கினானுங்க. ஒரு நா சனங்க கூடிக் கத்துனாங்கன்னு சுட்டுட்டானுங்க. நடுத்தெருவுல செத்தாங்க சனங்க. அப்பறம் இந்த வரி, அந்த வரி எல்லாத்தையும் எடுத்துட்டு, ஒண்ணே ஒண்ண மட்டும் விட்டு வச்சானுங்க. தேயிலை வரி."

"தேயிலைன்னா என்னடா?"

"ஏதோ ஒரு காஞ்ச எலை. வெந்நீர்ல போட்டுக் குடிப்பாங்க."

"கசாயமா?"

"கசாயம் மாதிரிதான்."

இப்ப நாம நிமிசத்துக்கு ஒரு டீ குடிக்கிறோம். அப்ப இந்தக் கரையில அது எவனுக்கும் தெரியாது. எல்லாரும் சிரிக்கிறாங்க! "அடேய், கசாயத்துக்காகவா ராசாவ எதுத்தானுங்க? யாருக்கு வயித்துவலி?"ன்னு கேலி பண்றாங்க.

மாசிலாமணி எழுந்து நின்னுட்டானாம். "கேளுங்க, கேளுங்க! நம்ம கரையில இருக்கானே இங்கிலீஷ் கும்பினிக்காரன், அதே கும்பினி கப்பல் கப்பலா அந்த எலைய அனுப்பிச்சு. வரியச் சேத்தாலும் வெல முன்னவிடக் கம்மி! வாங்கிக் குடிச்சிட்டுப் போயிருக்கலாம். ஆனா அந்த ஊரு சனங்க மூஞ்சியில கரியப் பூசிக்கிட்டு, கப்பல்ல ஏறி, பொட்டி பொட்டியா ஒடச்சு, அம்புட்டு எலையையும் கடல்ல கொட்டினாங்க. நான் கரையில நின்னு பாத்தேன். மறுநாள் அலையில எலையா மெதந்துச்சு. ஒருத்தன் கூட ஒரு பிடி எலைய வீட்டுக்கு எடுத்துட்டுப் போவக் கூடாதுன்னு கட்டுப்பாடு."

"வெல கம்மின்னா ஏண்டா கொட்டுனானுங்க?"ன்னாரு நாட்டார். "திமிரு புடிச்சவனுங்க!"

அப்ப கட்டுமரத்துக்குப் பின்னாலேருந்து ஒரு குரல். நாகாயி குரல். தம்பிக்கிட்ட பேசலாமே, தடை இல்லயே!

"தம்பி! வெல கம்மியா இருக்குன்னு இன்னைக்குக் குடிச்சிட்டா, கேக்காம வரி வைக்கலாம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதானே?"

"அதேதாங்க்கா! அங்க எல்லாரும் அதத்தான் பேசினாங்க!"

"ஒண்ணு கேக்குறேன். அந்த ஊருல பொம்பளைங்களக் கேட்டாங்களா?"

மாசிலாமணி தாடியச் சொறிஞ்சான். "இல்லக்கா."

"வேற யாரக் கேக்கல?"

"வெலைக்கு வாங்கின கருப்பு சனங்க இருந்தாங்க, அக்கா. நம்ம நெறம்தான். அவங்கள யாரும் எதுவும் கேக்கல."

"அப்ப அவங்களுக்கும் பாதிதான் புரிஞ்சிருக்கு"ன்னாளாம் நாகாயி.

அன்னைக்கு ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரல. 'ஒரு கை தானேன்னு நானே சொன்னேனே, பூனை தின்னதா நெனைக்கிறேன்னு சொன்னேனே'ன்னு தன்ன நெனச்சே அவளுக்கு வெக்கமாப் போச்சாம்.

விடிஞ்சுது. கூடையில மீன் ரொப்பினா. வவ்வால் இருந்திச்சு, சங்கரா இருந்திச்சு, நல்ல மீன்பாடு அன்னைக்கு. தூக்கிக்கிட்டுப் புன்னைமரத்தடிக்கு வந்தா. பின்னாலயே மத்த பொம்பளைங்க. மரத்தடியில சாம்புவன் பெரிய சால்பானை ஒண்ண வச்சிக்கிட்டு நிக்கிறான். வழக்கம்போல கூடைக்குள்ள கையவிட வந்தான். நாகாயி அவன் கையப் புடிச்சா.

"யாரக் கேட்டு எடுக்குற?"

"ஊரக் கேட்டு."

"நான் ஊருல இல்லையா?"

"நீ தலைக்கட்டு இல்லையே, தாயி."

"பங்கு பிரிக்கும்போது நான் ஊருல இல்ல. வரி பிரிக்கும்போது மட்டும் ஊருல இருக்கேனா? எந்த ஊரு நியாயம்டா இது?"

சாம்புவன் கெஞ்சினான். "ஒரே ஒரு கை தானே, தாயி. இதுக்குப் போயி..."

"ஒரு செதில் கூடக் கேக்காம எடுக்கக் கூடாது."

"குடுக்காம மரத்தத் தாண்ட விடமாட்டேன். என் வேலை போயிடும்."

நாகாயி கூடையப் பாத்தா. வீட்டுல ரெண்டு புள்ளைங்க. முந்தின நாள் நெல்லு முந்தின நாளே தீந்துபோச்சு. கூடை மீன் போனா அன்னைக்குச் சோறு இல்ல. அது அவளுக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும்! தெரிஞ்சேதான் திரும்பினா. விறுவிறுன்னு கடலப் பாத்து நடந்தா. இடுப்பளவு தண்ணியில எறங்கினா.

"கடல் தாயே, நீ குடுத்தது. கேக்காம எடுக்குறவனுக்குக் குடுக்குறதவிட உனக்கே குடுத்துடுறேன்!"

கொட்டினா! ஒரு கூடை மீனையும் கொட்டினா! வவ்வாலும் சங்கராவும் வெள்ளையும் செவப்புமா மெதக்குது, பருந்து வட்டம் போடுது, கொட்டிட்டு நிக்கிறவ கண்ணுல தண்ணி ஊத்துது. அழுதுக்கிட்டேதான் கொட்டினாளாம். அத மறைக்காமச் சொல்லணும். வீரம்னா அழாம இருக்குறது இல்ல.

சேதி நாட்டார் காதுக்குப் போச்சு. மீனக் கொட்டுனது கடலுக்குப் பண்ற அவமரியாதை, ஊர்ச் சொல்ல மீறினது அதவிடப் பெரிய தப்புன்னு கூட்டத்துல தீர்ப்பு ஆச்சு. சாம்புவன் திரும்பவும் தப்பு தட்டினான்.

"நாகாயிய ஊரு தள்ளி வச்சாச்சு! யாரும் அவளுக்கு மீன் குடுக்கக் கூடாது! நெருப்புக் குடுக்கக் கூடாது! தண்ணி மொள்ள விடக் கூடாது!"

ஒரு நா போச்சு. அடுப்பு எரியல. புள்ளைங்க, "அம்மா, பசிக்குது"ன்னு கேட்டுக் கேட்டு, அப்பறம் கேக்குறதையே நிறுத்திட்டாங்களாம். கேக்காம இருந்ததுதான் அவளுக்குத் தாங்கல. தம்பிக்கிட்ட சொன்னாளாம்: "மாசிலா, நான் தப்பு பண்ணிட்டனோ? அந்த பாஸ்டன்காரன் கொட்டுனது அடுத்தவன் சரக்கு. நான் கொட்டுனது என் புள்ளைங்க சோறு."

மாசிலாமணி சொன்னான்: "அக்கா, அன்னைக்குக் கதைய முடிக்கல நான். எலையக் கொட்டுனதும் ராசா என்ன பண்ணான்? அந்தத் துறைமுகத்தையே இழுத்து மூடிட்டான். கப்பல் வரக் கூடாது, போவக் கூடாது. பட்டினி கெடந்து அடங்கட்டும்னான். ஆனா என்ன நடந்துச்சு தெரியுமா? சுத்துப்பட்டு ஊரெல்லாம் எழுந்துடுச்சு. ஒரு ஊரு ஆட்ட ஓட்டிட்டு வந்துச்சு. தெக்கேருந்து ஒரு ஊரு மூட்ட மூட்டயா அரிசி அனுப்பிச்சு. பக்கத்துல மீன்புடிக்கிற ஊரு ஒண்ணு மீன் அனுப்பிச்சு. அதுவரைக்கும் தனித்தனியா இருந்தவங்க எல்லாம் ஒண்ணாயிட்டாங்க."

"இங்க யாருடா வருவா?"

அவ கேட்டு வாய மூடல. வாசல்ல காலடிச் சத்தம். பாத்தா, தேங்கா ஓட்டுல நெருப்புக் கங்கு வச்சிக்கிட்டு ஒருத்தி நிக்கிறா. யாரு? செங்கமலம்! நாட்டார் பொண்டாட்டி! சொந்த ஓர்ப்படியா!

"அக்கா, நெருப்புக் குடுக்கக் கூடாதுன்னு ஊரு சொல்லியிருக்கு"ன்னா நாகாயி.

"என்னைக் கேட்டா சொன்னாங்க?"ன்னா செங்கமலம்.

அவ பின்னால ஒருத்தி தண்ணிக் கொடத்தோட. அவ பின்னால ஒருத்தி ஒரு மீனோட. அப்பறம் வரிசையா வராங்க, ஆளுக்கு ஒரு மீன், ஆளுக்கு ஒரு பிடி நெல்லு. நாகாயி கூடை ரொம்பிடுச்சாம்!

மறுநாள் விடிஞ்சா, கரையில மீன் கெடக்கு. தூக்க ஆள் இல்ல. பொம்பளைங்க அவங்கவங்க கூடையக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்துட்டாங்க. "கேளுங்க, தூக்குறோம்." அவ்வளவுதான் பேச்சு.

ஆம்பளைங்க சும்மா இருப்பானுங்களா? "நாங்களே விக்கிறோம்"னு கெளம்பினானுங்க! ஐயையோ, அந்தக் கூத்த என்னன்னு சொல்ல! சாம்புவன் கூடையத் தலையில வச்சான், மீன் தண்ணி கண்ணுல ஒழுகுச்சு. தோள்ல வச்சான், வரப்புல வழுக்கிச் சேத்துல விழுந்தான். எழுந்து போயி ஒரு வாசல்ல நின்னு கூவினா, உள்ளேருந்து ஒரு அம்மா வந்து, "யாருடா நீ? எங்க நாகாயி?"ன்னுச்சாம். "நான் அவ ஊருதான்." "அவ வந்தா வாங்குறேன், போ." வீட்டுக்கு வீடு இதே பேச்சு. வெயில் ஏற ஏற மீன் நாற ஆரம்பிச்சுது. நாயிங்க மட்டும்தான் அவன வரவேத்துச்சாம்!

நாட்டார் வீட்டுல செங்கமலம் எல போட்டா. மீன் கொழம்பு ஊத்துனா. வறுத்த மீன் வச்சா. சுட்ட கருவாடு வச்சா.

"சோறு எங்கடி?"

"சோத்துக்கும் சேத்து நீங்கதானே கூட்டத்துல உக்காந்திருக்கீங்க. கேட்டுப் பாருங்க."

மனுசன் எலையப் பாத்தாரு, செங்கமலத்தப் பாத்தாரு. அப்பறம் எழுந்து துண்ட ஒதறித் தோள்ல போட்டாரு. "சாம்புவனக் கூப்புடு, கூட்டம் போடணும்"னாரு.

கோயில் முன்னால கூட்டம். ஆம்பளைங்க ஒரு பக்கம். தூரத்துல தாழம்புதர் ஓரமாப் பொம்பளைங்க, முன்னால நாகாயி. நாட்டார் எழுந்தாரு. தம்பி பொண்டாட்டிக்கிட்ட நேராப் பேச முடியாதே! சுத்திமுத்திப் பாத்தாரு. நடந்து போனாரு. நாகாயி முன்னால இருந்த கூடையத் தன் கையாலயே தூக்கினாரு. நாட்டார் கையில மீன் கூடை! தூக்கிக்கிட்டு வந்து கூட்டத்துக்கு நடுவுல, நல்ல எடமாப் பாத்து வச்சாரு. வச்சிட்டு அது முன்னால உக்காந்தாரு.

"ஏ கூடை, சண்டையில ரெண்டு கட்டுமரம் ஒடஞ்சு கெடக்கு. கை ஒடஞ்சவன் வீட்டுல அடுப்பு எரியல. வைத்தியருக்குக் குடுக்கணும். ஊர்ப் பொட்டியில ஒண்ணும் இல்ல. அதனால கேக்குறோம். கூடைக்கு ஒரு கை மீன் ஊருக்குத் தருவியா, மாட்டியா?"

தாழம்புதர் ஓரமாயிருந்து நாகாயி எழுந்தா. நடந்து வந்தா, கூட்டத்துக்கு நடுவுல, அந்த எடத்துல முன்ன எந்தப் பொம்பளையும் நின்னதில்ல. கூடைக்குப் பின்னால நின்னா.

"ஏ கூடை, கை ஒடஞ்சவன் வீட்டுல அடுப்பு எரியலன்னு மொதல்லயே கேட்டிருந்தா இம்புட்டும் நடந்திருக்குமா? அவங்க கேட்டது ஒரு கை. அடிபட்டவன் எழுந்து நடக்குற வரைக்கும் கூடைக்கு ரெண்டு கை எடுத்துக்கச் சொல்லு!"

ரெண்டு கை! கேக்காம எடுத்தப்ப ஒரு செதில் குடுக்க மாட்டேன்னவ, கேட்டதும் ரெண்டு கை குடுத்தா! ஆம்பளைங்க வாயப் பொளந்துட்டாங்க. திருமேனி நாட்டார் துண்டால முகத்தத் தொடச்சிக்கிட்டு சிரிச்சாராம். "கூடைக்கு வாயி பெருசு. ஆனா மனசு அதவிடப் பெருசு"ன்னாராம். அன்னைக்கே தள்ளி வச்சத எடுத்தாச்சு. அன்னைக்கே இன்னொண்ணும் முடிவாச்சு: ஊர்ப் பங்கு பிரிக்கும்போது ஆம்பள இல்லாத வீட்டுக்கும் ஒரு பங்கு. இன்னைக்கும் கூடைப் பங்குன்னு சொல்றோமே, அது இதுதான்.

பின்னால கொஞ்ச காலம் கழிச்சுக் கப்பல்காரங்க சேதி கொண்டாந்தாங்களாம், அந்த அமெரிக்காவுல பெரிய சண்டையே மூண்டுடுச்சு, ராசாவே வேணாம்னுட்டாங்கன்னு. நாகாயி அதக் கேட்டுட்டு என்ன சொன்னா? "அந்த ராசா கடைசி வரைக்கும் கேக்கல. எங்க மூத்தார் கேட்டுட்டாரு. அதான் அங்க சண்டை, இங்க கூடை."

அதுலேருந்துதான் இந்தப் பழக்கம். திருவிழா வரியோ, தேர் வரியோ, எதுவா இருந்தாலும் நடுவுல காலிக் கூடை ஒண்ணு வைக்கணும். தலைவர் அதுக்கு முன்னால உக்காந்து, எதுக்கு வரின்னு சொல்லி, கூடையக் கேக்கணும். மீன் விக்கிற பொம்பள ஒருத்தி கூடைக்குப் பின்னால நின்னு பதில் சொல்லணும். கூடையக் கேக்காத வரி கடலுக்குன்னு நம்ம ஊருல சொல்றோமே, அது வெறும் சொல்லு இல்ல. ஒரு வருசம் வயசுப்பசங்க நாலு பேரு, "இது என்ன பழைய கூத்து"ன்னு கேக்காமலே வரி போட்டானுங்க. நாங்க கூடையக் கவுத்தோம். எல்லையம்மன் தேரு எடத்த விட்டு நகரல. அவனுங்கதான் வந்து மணல்ல உக்காந்தானுங்க. அந்த நாலு பேருல ஒருத்தன் இன்னைக்கு யாரு? அதோ, தலைவரா உக்காந்திருக்காரு பாருங்க! சிரிக்கிறாரு பாருங்க!

சரி. கதை முடிஞ்சுது. கூடை நடுவுல இருக்கு. இந்த வருசம் பதில் சொல்ற மொறை என்னோடது, நான் பின்னால வந்து நிக்கிறேன். தலைவரே, எழுந்து வாங்க. மணல்ல உக்காருங்க. ம், இப்ப கேளுங்க.